மாற்றியது நிலைக்க வேண்டும்: விண்டோஸ் 11, மேக், மின்ட், பிளாஸ்மா ஓர் ஒப்பீடு

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியதையடுத்து, வீடுகளிலும் சிறு அலுவலகங்களிலும் நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஏராளமான மேசைக்கணினிகள் இரண்டுங்கெட்டான் நிலைக்கு வந்துவிட்டன. விண்டோஸ் 11 நிறுவுவதற்கு டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லும், இன்டெல் செயலியாக இருந்தால் ஒருசில விலக்குகள் நீங்கலாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். ஏழாம் தலைமுறை ஐ5 செயலியும் 16 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் கொண்ட என் கணினிக்கு வேகத்தில் எந்தக் குறையும் இல்லை; ஆனாலும் அந்தப் பட்டியலில் அதற்கு இடமில்லை. நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புப் புதுப்பிப்புத் திட்டத்தில் சேர்ந்தால் 2026 அக்டோபர் வரை காலத்தைக் கடத்தலாம். அதன் பிறகு கேள்வி மறுபடியும் வாசலில் வந்து நிற்கும் என்பதால், இப்போதே மாற்று இயங்குதளங்களை ஒழுங்காகச் சோதித்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

என் வேலை தமிழ்ப் பிரதிகளை மெய்ப்புத் திருத்துவதும் மொழிபெயர்ப்பதும். காலை முதல் மாலை வரை இரண்டு திரைகள் கண்முன் இருக்கும்: ஒன்று வழக்கமான அகலத் திரை, மற்றொன்று பக்கத்தை முழுதாகக் காட்டுவதற்காக நிமிர்த்தி வைத்த திரை. தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் இடையே விசைப்பலகையை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஆகவே விளையாட்டு, காணொளித் தொகுப்பு போன்றவற்றுக்கு எது சிறந்தது என்று இந்த மதிப்புரையில் தேட வேண்டாம். என் பழைய கணினியில், லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தின் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் 22ஐயும், இன்னொரு வகையான டெபியன் 13இன் மேல் கேடிஇ பிளாஸ்மா என்ற முகப்பையும் நிறுவிப் பயன்படுத்தினேன். விண்டோஸ் 11ஐ அலுவலகத்தின் புதிய கணினியிலும், மேக் இயங்குதளத்தை எம்4 சில்லுள்ள மேக் மினியிலும் அன்றாட வேலைக்கு உட்படுத்தினேன். லினக்ஸின் மற்றொரு முகப்பான ஜினோமையும் தொட்டுப் பார்த்தேன்.

இத்தகைய ஒப்பீடுகளில் எதை எதையெல்லாம் மாற்ற முடிகிறது என்று எண்ணிக்கொண்டே போவது வழக்கம். இணையத்தில் உலவும் அழகிய கணினித்திரைப் படங்கள் பெரும்பாலும் அந்த எண்ணிக்கையின் காட்சிகளே. நாள் முழுவதும் கணினியில் உட்காருபவருக்கு அதைவிட முக்கியமானது, ஒருமுறை மாற்றி வைத்தது அடுத்த புதுப்பிப்புக்குப் பிறகும் அப்படியே இருக்குமா என்பது. இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தபோது தரவரிசை நான் எதிர்பார்த்ததுபோல் அமையவில்லை.

விண்டோஸ் 11இலிருந்து தொடங்குகிறேன். 2021 அக்டோபர் 5 அன்று இது வெளியானபோது, பல ஆண்டுகளாக இருந்த சில வசதிகளைப் பறித்துக்கொண்டே வந்தது. டாஸ்க்பாரைத் திரையின் இடப்புறமோ மேலேயோ நகர்த்தும் வசதி அவற்றில் முதன்மையானது. அகலம் மிகுந்து உயரம் குறைந்த இன்றைய திரைகளில், எழுத்தோடு வேலை செய்பவருக்கு உயரம்தான் பஞ்சம். பக்கவாட்டில் வீணாகக் கிடக்கும் இடத்தில் டாஸ்க்பாரை வைத்துக்கொண்டால் பிரதியில் இரண்டு மூன்று வரிகள் கூடுதலாகத் தெரியும். திறந்திருக்கும் ஆவணங்களைப் பெயரோடு தனித்தனியே காட்டும் ஏற்பாடும் முதலில் நீக்கப்பட்டு, பயனர்களின் நெடிய முணுமுணுப்புக்குப் பிறகு 2023இல்தான் திரும்பி வந்தது. கோப்பின் மேல் வலது சொடுக்கினால் வரும் பட்டியல் சுருக்கப்பட்டு, பழைய கட்டளைகள் 'மேலும் விருப்பங்களைக் காட்டு' என்பதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டன. 2024 ஏப்ரலில் வந்த ஒரு புதுப்பிப்பு, ஸ்டார்ட் மெனுவின் பரிந்துரைப் பகுதியில் செயலிகளுக்கான விளம்பரங்களைக் கொண்டுவந்து வைத்தது. அணைத்துவிடலாம் என்பது உண்மைதான். ஆனால் என் மேசைமேல் எதை வைப்பது என்பதை வேறொருவர் தீர்மானித்துவிட்டு, வேண்டாமென்றால் எடுத்துவிடுங்கள் என்று சொல்வதை நான் தனிப்பயனாக்கம் என்று ஏற்றுக்கொள்ள மாட்டேன்.

இந்தக் குறைகளுக்கெல்லாம் வெளியார் எழுதிய மருந்துகள் உண்டு. எக்ஸ்ப்ளோரர்பேட்சர், விண்ட்ஹாக் போன்ற நிரல்கள் பழைய டாஸ்க்பாரையும் பழைய பட்டியலையும் மீட்டுத் தருகின்றன. ஸ்டார்ட்11 என்பது காசு கொடுத்து வாங்க வேண்டியது. இவை இயங்குதளத்தின் உள்ளுறுப்புகளைப் பிடித்துத் திருப்பி வேலை செய்பவை என்பதால், பெரிய புதுப்பிப்பு வரும்போதெல்லாம் அந்தப் பிடி நழுவ வாய்ப்புண்டு. நிரலை எழுதியவர் புதிய பதிப்பு தரும் வரை காத்திருக்க வேண்டும். அலுவலகக் கணினியில் இவற்றை நிறுவத் தொழில்நுட்பப் பிரிவினர் அனுமதிக்கவும் மாட்டார்கள்.

அதே விண்டோஸில் பாராட்ட வேண்டியவையும் உள்ளன. விண்டோஸ் விசையோடு இசட் விசையை அழுத்தினால் வரும் சாளர அடுக்கு அமைப்புகள் கச்சிதமானவை. கற்றுக்கொள்ள ஒரு நிமிடம்கூட ஆகாது. மைக்ரோசாஃப்டே இலவசமாகத் தரும் பவர்டாய்ஸ் தொகுப்பில் உள்ள ஃபேன்சிஸோன்ஸ், திரையை நமக்கு வேண்டிய கட்டங்களாகப் பிரித்துவைக்க உதவுகிறது; நிமிர்ந்த திரைக்கும் அகலத் திரைக்கும் தனித்தனிக் கட்டங்கள் வரையலாம். இது நிறுவனத்தின் சொந்தக் கருவி என்பதால் புதுப்பிப்புகளைத் தாங்கி நிற்கிறது. விண்டோஸில் ஏதேனும் மாற்ற விரும்புபவர் பவர்டாய்ஸோடு நிறுத்திக்கொண்டு, மற்றதை இருப்பது போலவே ஏற்றுக்கொள்வது மன அமைதிக்கு நல்லது.

மேக் இந்த அளவுகோலில் விசித்திரமான இடத்தில் நிற்கிறது. அது மாற்ற அனுமதிப்பது கொஞ்சம். அந்தக் கொஞ்சம் அசையாமல் நிலைக்கிறது. கீழே இருக்கும் டாக்கை இடத்துக்கோ வலத்துக்கோ கொண்டுபோகலாம். மெனுப் பட்டை மேலேதான் இருக்கும், அதற்கு மறுபேச்சில்லை. மற்றவர்களிடம் எப்போதோ வந்துவிட்ட, சாளரங்களைத் திரையோரம் ஒட்டி அடுக்கும் வசதி மேக்குக்கு 2024இல் சீக்வோயா பதிப்போடுதான் வந்தது. அதுவரை ரெக்டாங்கிள் போன்ற துணை நிரல்களை நம்பித்தான் பலர் இருந்தார்கள். 2025 செப்டம்பரில் வெளியான டஹோ பதிப்பு முகப்பைக் கண்ணாடிபோல் பளபளக்கச் செய்தது. மெனுக்களின் பின்னால் தெரியும் படம் எழுத்தோடு கலந்து கண்ணை உறுத்தவே, அணுகல் அமைப்புகளில் ஒளிபுகும் தன்மையைக் குறைத்து வைத்த பிறகுதான் வேலை செய்ய முடிந்தது.

மேக் பக்கம் போக நினைப்பவர்கள் திரையின் விலையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். எம்4 மேக் மினி இந்தியாவில் ரூ.59,900 தொடக்க விலையில் அறிமுகமானது. 16 ஜிபி ரேமோடு வருவதால் என் போன்றவர்களின் வேலைக்கு அதுவே மிகை. ஆனால் 2018இல் வந்த மொஹாவி பதிப்போடு, எழுத்துகளின் விளிம்பைப் புள்ளிக்குள் புள்ளியாகச் செதுக்கிக் காட்டும் துணைப்புள்ளி முறையை ஆப்பிள் கைவிட்டுவிட்டது. 24 அங்குலத்தில் 1080 வரிகள் கொண்ட சாதாரணத் திரையை அதில் இணைத்தால் எழுத்துகள் பூத்தாற்போல் தெரிகின்றன. ஆங்கிலத்தில் இது பொறுத்துக்கொள்ளக்கூடியது. ணகரத்தின் சுழிகளையும் னகரத்தின் சுழிகளையும் ஒரு பார்வையில் பிரித்தறிய வேண்டிய மெய்ப்புத் திருத்தத்தில், மாலைக்குள் கண் எரிகிறது. 4கே திரை இருந்தால் இந்தப் புகார் முற்றிலும் மறைந்துவிடும். அப்போது மேக்கின் தமிழ் எழுத்துத் தோற்றத்துக்கு ஈடாக வேறெதையும் நான் பார்க்கவில்லை. முத்து நெடுமாறன் வடிவமைத்த இணைமதி, தமிழ்ச் சங்கம் எம்என் ஆகிய எழுத்துருக்கள் இயங்குதளத்தோடே வருவது இதற்கு ஒரு முக்கியக் காரணம்.

லினக்ஸ் உலகுக்கு வருவோம். ஜினோமைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. இருப்பதுபோல் பயன்படுத்துபவருக்கு அது அமைதியான, அழகான சூழல். மாற்ற நினைத்தால் நீட்சிகள் எனப்படும் சிறு துணை நிரல்களை நம்ப வேண்டும்; ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு வரும்போது நீட்சிகள் உடைவது அங்கே வாடிக்கை. 2023 செப்டம்பரில் வந்த ஜினோம் 45, நீட்சிகள் எழுதப்படும் முறையையே மாற்றியதால் பழைய நீட்சிகள் அனைத்தும் திருத்தி எழுதப்படும் வரை செயலிழந்தன. என் அளவுகோலில் அது தேறவில்லை.

லினக்ஸ் மின்ட் 2006இல் கிளெமென்ட் லெஃபெவ்ரால் தொடங்கப்பட்டது. அதன் சினமன் முகப்பு, விண்டோஸ் 7 காலத்துப் பழக்கத்தோடு வருபவரைத் திகைக்க வைக்காமல் உட்காரவைத்துவிடும். இடது மூலையில் மெனு, கீழே பலகை, வலது மூலையில் கடிகாரம். பலகையைத் திரையின் நான்கு விளிம்புகளில் எதற்கும் மாற்றலாம், குறுநிரல்களைச் சேர்க்கலாம். 2024 ஜூலையில் வந்த மின்ட் 22, உபுண்டு 24.04ஐ அடிப்படையாகக் கொண்டது. 2029 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் கிடைக்கும். இடையில் வரும் 22.1, 22.2 போன்ற சிறு பதிப்புகளுக்கு மாறும்போது என் அமைப்புகளில் ஒன்றும் கலையவில்லை. டைம்ஷிஃப்ட் என்ற கருவி இயங்குதளத்தின் நிலையை அவ்வப்போது படம்பிடித்து வைத்துக்கொள்வதால், ஏதேனும் கோளாறு நேர்ந்தாலும் முந்தைய நாளுக்குத் திரும்பிவிடலாம். நிலைத்திருப்பது என்ற ஒன்றை மட்டும் பார்த்தால் மின்ட்டுக்கே முதலிடம். அது தடுமாறும் இடம் வேறு. சினமன் இன்னும் முதன்மையாக எக்ஸ்11 என்ற பழைய திரைக்கட்டமைப்பின் மேல்தான் நிற்கிறது. எக்ஸ்11க்கு மாற்றாக வந்த புதிய கட்டமைப்பான வேலாண்ட் அதில் சோதனை நிலையிலேயே உள்ளது. இரண்டு திரைகளுக்கும் வெவ்வேறு உருப்பெருக்க அளவு தேவைப்படும்போது அந்தப் பழமை வெளிப்படுகிறது: ஒரு திரையில் எழுத்து சரியாக அமைந்தால் மற்றதில் மங்குகிறது.

இனி பிளாஸ்மா. விண்டோஸ் 10 ஆதரவு முடிந்த அதே அக்டோபர் 14தான், 1996இல் மத்தியாஸ் எட்ரிச் கேடிஇ திட்டத்தை அறிவித்த நாள் என்பது வேடிக்கையான தற்செயல். பிளாஸ்மா 6, 2024 பிப்ரவரி 28 அன்று வெளிவந்தது. வேலாண்ட் அதில் இயல்புநிலை ஆயிற்று. ஸ்டீம் டெக் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியின் மேசைத்தள முகப்பும் பிளாஸ்மாதான் என்பதைச் சொன்னால், இது ஏதோ ஆர்வலர்களின் பொழுதுபோக்கு என்ற எண்ணம் குறையலாம். நான் இதை டெபியன் 13இன் மேல் வைத்ததற்குக் காரணம் உண்டு. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13, பிளாஸ்மா 6.3ஐ எடுத்துக்கொண்டு அதையே தன் காலம் முழுவதும் வைத்திருக்கும். பிழைத் திருத்தங்கள் வரும், புதுமைகள் வரமாட்டா. பகலில் வெளிர் நிறத்துக்கும் இரவில் கரு நிறத்துக்கும் தானாக மாறும் வசதி 6.5இல் வந்தது, என்னிடம் அது இல்லை. அந்த வசதி வேண்டுபவர்கள் ஃபெடோராவின் கேடிஇ பதிப்பை எடுக்கலாம். ஆனால் ஃபெடோராவின் ஒவ்வொரு பதிப்புக்கும் ஆயுள் ஏறத்தாழ 13 மாதங்கள்தான் என்பதை மறக்கக் கூடாது.

பிளாஸ்மாவில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் வண்ணமோ மிதக்கும் பலகையோ அல்ல, சாளர விதிகள் எனப்படும் ஏற்பாடு. ஒரு சாளரத்தின் தலைப்புப் பட்டையில் வலது சொடுக்கி, 'மேலும் செயல்கள்' என்பதன் கீழ் அந்தச் சாளரத்துக்கோ செயலிக்கோ உரிய தனி அமைப்பைத் திறந்தால், அது எந்தத் திரையில், எந்த இடத்தில், எந்த அளவில் திறக்க வேண்டும் என்று ஒருமுறை எழுதி வைத்துவிடலாம். மெய்ப்புப் பிரதியின் பிடிஎஃப் எப்போதும் நிமிர்ந்த திரையில் முழுப் பக்கமாகத் திறக்கிறது. லிபர்ஆஃபிஸ் ரைட்டர் அகலத் திரையின் இடப்பாதியில் உட்காருகிறது. அகராதிக்காக வைத்திருக்கும் சிறு சாளரம் மற்றவற்றுக்கு மேலே வலது மூலையில் நிற்கிறது. காலையில் கணினியைத் திறந்து மூன்று செயலிகளைச் சொடுக்கினால் அவை தத்தம் இடத்துக்குத் தாமாகவே போய்விடுகின்றன. விண்டோஸிலும் மேக்கிலும் இதற்கு நிகரானதைச் செய்யத் துணை நிரல்களைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. இங்கே அது சாளர மேலாளரின் பகுதியாகவே இருப்பதால் புதுப்பிப்புகளில் சிதைவதில்லை. திரையைக் கட்டங்களாகப் பிரிக்க விண்டோஸ் விசையோடு டி விசையை அழுத்தி, வேண்டிய கோடுகளை வரைந்துவிட்டு, பிறகு ஷிஃப்ட் விசையைப் பிடித்தபடி சாளரத்தை இழுத்து விட்டால் போதும், 2023இல் 5.27 பதிப்போடு இது வந்தது.

பிளாஸ்மாவின் அமைப்புகள் யாவும் இல்லக் கோப்புறைக்குள் சாதாரண உரைக் கோப்புகளாக இருக்கின்றன. குறுக்குவிசைகளுக்கு ஒரு கோப்பு, சாளர விதிகளுக்கு ஒரு கோப்பு, பலகைக்கு ஒரு கோப்பு. முதல் இரண்டையும் வேறொரு கணினிக்குப் படியெடுத்து வைத்தால் அங்கேயும் அப்படியே இயங்குகின்றன. பலகைக்கான கோப்பு மட்டும் எண்களின் காடு. அதைக் கையால் திருத்த முயல்வதைவிடப் பலகையைப் புதிதாக அமைப்பது எளிது. வேறு கணினிக்குக் குடிபெயரும்போது விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இந்த உரைக் கோப்புகளின் அருமை புரியும்.

குறை சொல்லவும் நிறைய இருக்கிறது. அமைப்புகளுக்கான சாளரம் ஒரு பெரிய மளிகைக் கடை. இருக்கிறது என்று தெரிந்தாலும் எந்த அடுக்கில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க நேரமாகும். புதியவர் அங்கே நுழைந்தால், வேலையை மறந்து ஒரு மாலைப் பொழுதையே தொலைத்துவிடுவார். இணையத்திலிருந்து கருப்பொருள்களை (தீம்) ஒரே சொடுக்கில் இறக்கும் வசதியிலும் எச்சரிக்கை தேவை. முழுக் கருப்பொருள்கள் என்பவை வெறும் வண்ணப்பூச்சு அல்ல, நிரலையும் உள்ளடக்கியவை; 2024 மார்ச்சில் அத்தகைய ஒன்றை நிறுவிய பயனர் ஒருவரின் கோப்புகள் அழிந்துபோக, கேடிஇ அமைப்பினரே பொது எச்சரிக்கை விடுக்க நேர்ந்தது. பிளாஸ்மாவோடு வரும் கருப்பொருளில் வண்ணங்களை மட்டும் மாற்றிக்கொள்வதே என் பரிந்துரை.

தமிழ் உள்ளீட்டைத் தனியே பார்க்க வேண்டும், ஏனென்றால் பொதுவான ஒப்பீடுகளில் இதற்கு இடமே கிடைப்பதில்லை. நான் தட்டுவது தமிழ் 99. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட இந்த முறையின் சிறப்பு, புள்ளியைத் தானே வைத்துக்கொள்வது. அ, ம, ம, ஆ என்று நான்கு விசைகளைத் தட்டினால் 'அம்மா' வந்துவிடும். ப, ந, த, உ என்று தட்டினால் 'பந்து'. ஒரே மெய் இரட்டித்தாலோ, மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வந்தாலோ முன்னதற்குப் புள்ளி தானாக விழும். கை பழகியவருக்கு இந்த ஒழுங்கு கொஞ்சம் பிசகினாலும் எழுத்தே ஓடாது.

விண்டோஸிலும் மேக்கிலும் தமிழ் 99 இப்போது உள்ளேயே இருக்கிறது. மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்து, விசைப்பலகைகளின் பட்டியலில் அதைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது. என்எச்எம் ரைட்டர், அழகி, இ-கலப்பை என்று தேடித் தேடி நிறுவிய காலம் போய்விட்டது. லினக்ஸில்தான் ஒரு குழி காத்திருக்கிறது. விசைப்பலகை அமைப்புகளில் தமிழ்நெட் 99 என்ற பெயரைப் பார்த்ததும் பலர் அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, புள்ளி விழவில்லையே என்று வருந்துகிறார்கள். அது ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்ற எளிய வரைபடம். முன்னால் என்ன எழுத்து இருக்கிறது என்று பார்க்கும் அறிவு அதற்குக் கிடையாது. உண்மையான தமிழ் 99 வேண்டுமென்றால் ஐபஸ் அல்லது எஃப்சிஐடிஎக்ஸ் 5 என்ற உள்ளீட்டுக் கட்டமைப்பை நிறுவி, அதனோடு பல மொழிகளின் உள்ளீட்டு முறைகள் அடங்கிய எம்17என் தொகுப்பைச் சேர்த்து, அதிலுள்ள தமிழ் 99ஐ எடுக்க வேண்டும். பிளாஸ்மாவின் வேலாண்ட் சூழலில் இன்னொரு படியும் உண்டு: அமைப்புகளில் விசைப்பலகைப் பகுதிக்குள் 'மெய்நிகர் விசைப்பலகை' என்ற இடத்தில் போய் எஃப்சிஐடிஎக்ஸ் 5ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும். தொடுதிரையில் தோன்றும் விசைப்பலகைக்குரிய அந்த இடத்தில் இதைத் தேட எவருக்குத் தோன்றும்? தமிழில் தட்டுவதற்காகவே லினக்ஸுக்கு வரும் ஒருவர் முதல் நாளிலேயே மனம் உடைந்து திரும்பிப்போக இந்த ஒரு மறைவிடம் போதும். மின்ட்டில் ஐபஸையும் எம்17என் தொகுப்பையும் நிறுவிவிட்டு, உள்ளீட்டு முறைக்கான அதன் கருவியில் ஐபஸைத் தேர்ந்தெடுத்தால் வேலை முடிந்தது. இந்த இடத்தில் அது பிளாஸ்மாவைவிட நேரடியானது.

அமைத்து முடித்த பிறகு எஃப்சிஐடிஎக்ஸ் 5 தரும் சுகம் ஒன்று உண்டு. உள்ளீட்டு நிலையை ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனியே நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்லலாம். ரைட்டருக்குள் போனால் தமிழ், உலாவிக்குள் போனால் ஆங்கிலம் என்று அது தானே மாறிக்கொள்வதால், தேடல் பெட்டியில் 'லெ்பட' என்பதுபோல் ஏதோ ஒன்று வந்து விழுந்து அழிக்கும் தொல்லை இல்லை. விண்டோஸிலும் இது உண்டு. மேம்பட்ட விசைப்பலகை அமைப்புகளில், ஒவ்வொரு செயலிச் சாளரத்துக்கும் வேறு உள்ளீட்டு முறை என்ற கட்டத்தைக் குறியிட வேண்டும். மேக்கிலும் ஆவணத்துக்கேற்ப மாறும் விருப்பம் உள்ளது. இருமொழியில் வேலை செய்பவர்கள் இயங்குதளம் எதுவானாலும் முதலில் தேடித் திருத்த வேண்டிய அமைப்பு இதுதான்.

எழுத்துருவில் லினக்ஸ் எல்லாவற்றையும் மாற்ற விடுகிறது, ஆனால் அதற்கான கதவு பின்புறத்தில் இருக்கிறது. பிளாஸ்மாவின் எழுத்துரு அமைப்பில் ஒரு பெயரை மட்டுமே சொல்ல முடியும். அந்த எழுத்துருவில் தமிழ் இல்லாவிட்டால் எதை எடுப்பது என்பதை ஃபாண்ட்கான்ஃபிக் என்ற அடித்தளம் தன் விருப்பப்படி முடிவு செய்கிறது. என் கணினியில் அது லோகித் தமிழை எடுத்துக்கொண்டது. குறைசொல்ல முடியாத எழுத்துரு என்றாலும், ஆங்கில எழுத்தின் பருமனோடு அது பொருந்தவில்லை. தமிழ் என்றால் நோட்டோ சான்ஸ் தமிழை முன்னிறுத்து என்று சில வரிகள் எழுதிய ஒரு கோப்பை உரிய கோப்புறையில் வைத்ததும், கோப்பு மேலாளர் முதல் உலாவி வரை எல்லா இடத்திலும் தமிழ் ஒரே சீராக மாறியது. முக்த மலரையும் முயன்று பார்த்தேன். தலைப்புகளுக்கு அழகு, சிறிய அளவில் நோட்டோவே தெளிவு. விண்டோஸில் இடைமுகத் தமிழ் நிர்மலா யுஐ எழுத்துருவில் வரும். அதை மாற்றுவதற்கு ரெஜிஸ்ட்ரியில் கைவைக்க வேண்டும். சில வரிகளை எழுதத் தயங்காதவருக்கு லினக்ஸும், கைவைக்கவே விரும்பாதவருக்கு மேக்கும் பொருந்தும்.

வேலாண்டுக்கு மாறியதில் ஓர் இழப்பும் உண்டு. எக்ஸ்11 காலத்தில் பிற சாளரங்களுக்கு விசைகளை அனுப்பும் சிறு நிரல்களை எழுதி, அடிக்கடி வரும் சொற்றொடர்களைச் சுருக்கெழுத்தில் தட்டுவது எளிதாக இருந்தது. வேலாண்ட் பாதுகாப்புக் கருதி அந்த வழியை அடைத்துவிட்டதால், ஆட்டோகீ போன்ற பழைய கருவிகள் அங்கே கைகொடுப்பதில்லை. பிளாஸ்மா 6.8 முதல் எக்ஸ்11 அமர்வே இருக்காது என்று கேடிஇ அறிவித்துவிட்டது. இந்த ஒரு விஷயத்தில் விண்டோஸின் ஆட்டோஹாட்கீக்கு ஈடான ஒன்று லினக்ஸில் இன்று இல்லை என்றே சொல்வேன்.

அச்சு இயந்திரங்களைப் பொறுத்தவரை, புதிய வலையமைப்பு இயந்திரங்கள் மின்ட்டிலும் டெபியனிலும் ஓட்டுநிரல் எதுவும் கேட்காமல் வேலை செய்தன. எங்கள் தெருவில் பாதிக் கடைகளில் இருக்கும் அந்தப் பழைய சிறு லேசர் இயந்திரம் மட்டும் கடைசி வரை பிடிவாதமாகவே இருந்தது. லினக்ஸுக்கு மாறும் முன் அச்சு இயந்திரத்தின் மாதிரி எண்ணை வைத்து அதற்கு ஆதரவு உண்டா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

டிடிபி நிலையங்களும் அச்சகங்களும் இந்த மதிப்புரையைப் படித்து ஆசைப்பட்டு எதையும் மாற்றிவிட வேண்டாம். பேஜ்மேக்கர் 7இல் பாமினி, ஸ்ரீலிபி போன்ற பழைய குறியேற்றங்களில் அமைந்த கோப்புகளை இன்னும் திறக்க வேண்டியிருப்பவர்களுக்கும், இன்டிசைனில் பக்கம் அமைப்பவர்களுக்கும் லினக்ஸ் இடமளிக்காது. பக்கம் அமைக்கும் இலவச நிரலான ஸ்கிரைபஸ் 1.5.3 முதல் தமிழ் எழுத்துகளைச் சரியாகக் கோத்துக் காட்டுகிறது என்றாலும், இன்டிசைன் கோப்புகளைப் பரிமாறிக்கொள்ளும் தொழிலில் அது தனித் தீவு. டேலி பிரைமும் விண்டோஸுக்கானது. இத்தகையோர் அடுத்த கணினியை வாங்கும்போது விண்டோஸ் 11 உள்ளதாகவே வாங்கி, பவர்டாய்ஸைச் சேர்த்துக்கொள்வதே முறை.

பழைய கணினியை வைத்துக்கொண்டு எழுத்து, உலாவி, மின்னஞ்சல், பிடிஎஃப் என்று இருப்பவர்களுக்கு, அதிலும் ஒரே திரை உள்ளவர்களுக்கு, மின்ட் 22ஐத் தயங்காமல் சொல்வேன். இரண்டு திரை, இருமொழி, நாள் முழுவதும் எழுத்து என்று இருப்பவர்கள் டெபியன் 13இன் மேல் பிளாஸ்மாவை நிறுவி, முதல் வாரத்தில் சாளர விதிகளையும் தமிழ் 99ஐயும் எழுத்துருக் கோப்பையும் சரிசெய்துவிட்டு, அமைப்புகள் சாளரத்தை மூடிவிட வேண்டும். என் கணினியில் இப்போது ஓடுவது அதுதான். டெபியன் 13க்கு மூன்றாண்டு முழு ஆதரவும் அதன்பின் இரண்டாண்டு நீண்டகால ஆதரவும் உண்டு என்பதால், ஏழாம் தலைமுறைச் செயலிக்கு 2030 வரை வேலை இருக்கிறது. நான் தேர்ந்தெடுத்ததில் இன்னும் குறையாக இருப்பது சுருக்கெழுத்து விரிவாக்கம். அதற்கு வேலாண்டை ஆதரிக்கும் எஸ்பான்சோவை இப்போது சோதித்து வருகிறேன், ஆங்கிலச் சுருக்கங்கள் ஒழுங்காக விரிகின்றன, தமிழ் 99 இயங்கும்போது தட்டும் சுருக்கங்களை மட்டும் அது இன்னும் அடையாளம் காணவில்லை.